கம்பெனியைத் தூக்கிவிடும் பணம் கூத்துக் களத்துக்கு ஏன் வந்து சேர்வதில்லை?

2025 ஏப்ரலில் வோடஃபோன் ஐடியா நிறுவனம் மத்திய அரசுக்குக் கட்டவேண்டிய பாக்கியில் 36,950 கோடி ரூபாய் பங்குகளாக மாற்றப்பட்டது. 2023-இல் வட்டி பாக்கி 16,133 கோடி ரூபாய் இதே வழியில் பங்காக மாறியிருந்தது. இப்போது அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 49 விழுக்காடு அரசின் கையில் இருக்கிறது.

தருமபுரியில் நாங்கள் சிலர் வாரக் கடைசியில் கூடி, ஆர்மோனியமும் டோலக்கும் வைத்துப் பாடிப் பழகுகிறோம். எங்களில் யாருக்கும் இது பிழைப்பு இல்லை. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் நடுவே ஒரு கேள்வி ஓயவில்லை: "ஒரு கம்பெனிக்கு இவ்வளவு பண்ண முடியுதே, கொரோனாவுல ரெண்டு வருசம் திருவிழாவே இல்லாம போனப்ப ஜமாக்காரங்களுக்கு ஏண்ணா ஒண்ணும் வரல?"

ஜமா என்பது எங்கள் பக்கத்தில் தெருக்கூத்துக் குழுவுக்குப் பெயர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குள் கடன், மானியம், நிவாரணம், மீட்பு எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்பது தெரியும்.

மீட்பு நிதி என்பது எது, எது இல்லை

செய்திகளில் ‘பெயில் அவுட்’ என்று வருவதைத் தமிழில் மீட்பு நிதி என்கிறார்கள். தானாக நிற்க முடியாத ஒரு நிறுவனத்தை, அது விழுந்தால் மற்றவர்களையும் சாய்த்துவிடும் என்ற காரணத்துக்காக அரசோ மைய வங்கியோ தாங்கிப் பிடிப்பது அது. ‘மற்றவர்களையும் சாய்த்துவிடும்’ என்பதுதான் இதில் உயிரான பகுதி. அந்தக் காரணம் இல்லாமல் பணம் கொடுத்தால் அது உதவி, நிவாரணம் அல்லது மானியம். ஒன்றுக்கொன்று உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல.

தாங்கிப் பிடிக்கும் வழிகள் பெரும்பாலும் நான்கு.

1. கடன் கொடுப்பது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. மறுநாளே ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கு அமெரிக்க மைய வங்கி 8,500 கோடி டாலர் வரை கடன் தர முன்வந்தது. அதற்கு ஈடாக நிறுவனத்தின் 79.9 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் 70,000 கோடி டாலர் வரை செலவிட அனுமதிக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது.

2. பங்கு வாங்குவது, அல்லது வரவேண்டிய பாக்கியைப் பங்காக மாற்றிக்கொள்வது. வோடஃபோன் ஐடியா விஷயம் இந்த வகை. கஜானாவிலிருந்து புதிதாகப் பணம் போகவில்லை. வரவேண்டிய பணம் வராமல், அதன் இடத்தில் பங்குப் பத்திரம் வந்தது. நம் பொதுத்துறை வங்கிகளுக்கு 2016-17 முதல் 2020-21 வரை சுமார் 3.1 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் போடப்பட்டதும் பங்கு வழியில்தான்.

3. ஜாமீன் நிற்பது. "நீ கடன் கொடு, அவன் கட்டாவிட்டால் நான் தருகிறேன்" என்று அரசு வங்கிகளிடம் சொல்வது. 2020 மே மாதம் சிறு தொழில்களுக்காக வந்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் இப்படிப்பட்டது. பிறகு இந்த வரம்பு இன்னும் உயர்த்தப்பட்டது.

4. வலுவான ஒருவரிடம் ஒப்படைப்பது. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் தள்ளாடியபோது ரிசர்வ் வங்கி அதை சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைத்தது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் போட்டது. அரசுப் பணம் போகவில்லை, அரசின் அதிகாரம் வேலை செய்தது.

இந்த இடத்தில் ஒரு பெரிய குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். "பணக்காரன் கடன் இத்தனை லட்சம் கோடி தள்ளுபடி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் பெரும்பாலானவை சொல்வது கணக்குநீக்கத்தை. நாலு வருடமாக வராத கடனுக்கு முழுத் தொகையும் ஒதுக்கி வைத்த பிறகு வங்கி தன் ஐந்தொகையிலிருந்து, அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கிலிருந்து, அதை எடுத்துவிடுகிறது. கடன்காரரின் பொறுப்பு அப்படியேதான் இருக்கும், வழக்கும் வசூலும் தொடரும். தள்ளுபடி என்பது கடன்காரரின் பொறுப்பையே அழிப்பது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனை ரத்து செய்ததே அது, அதுதான் தள்ளுபடி. கணக்குநீக்கத்திலும் கடைசியில் பெரும்பகுதி வசூலாகாமல் போவது உண்டு. அது கோபப்பட வேண்டிய விஷயம்தான். என்றாலும் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் கோபம் சரியான ஆளிடம் போய்ச் சேராது.

கைமுடையா, மூழ்கிவிட்டதா?

மீட்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. சொத்து இருக்கிறது, வருமானம் வரும், இந்த மாதம் மட்டும் கையில் பணமில்லை என்றால் அது கைமுடை. கடன் சொத்தைத் தாண்டிவிட்டது, இனி வரும் வருமானத்தாலும் அடைக்க முடியாது என்றால் அது மூழ்கிய நிலை.

ஒரு ஜமாவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் கையில் காசில்லை, ஆனால் பங்குனியிலிருந்து ஆடி வரை ஊர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டன. இது கைமுடை. மூன்று மாதத்துக்கு ஒரு சிறு கடன் கிடைத்தால் போதும். இன்னொரு ஜமாவுக்கு வழக்கமாக அழைத்த ஊர்களில் பாதி, கூத்தை விட்டுவிட்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்கோ சினிமாப் பாட்டு நடனத்துக்கோ மாறிவிட்டன. இதற்குக் கடன் கொடுத்தால் அந்தக் கடனும் சேர்ந்து மூழ்கும்.

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. அது முழுக்க முழுக்கக் கைமுடைக்கான மருந்து. வங்கித் தவணை என்ற ஒன்று இருப்பவருக்கு அது உதவியது. தவணையே இல்லாதவர், அதாவது வங்கி கடனே கொடுக்காதவர், அந்த வரிசையில் நிற்கவே முடியவில்லை.

அடி யார் மேல் விழ வேண்டும்

மீட்பைப் பற்றிய கோபத்தின் வேர் இங்கே இருக்கிறது. லாபம் வந்தபோது முதலாளி எடுத்துக்கொண்டார், நட்டம் வந்தபோது ஊரார் தலையில் விழுகிறது என்பது. ‘விழுந்தால் யாரோ தூக்கிவிடுவார்கள்’ என்ற தைரியத்தில் துணிந்து ஆடுவதைப் பொருளாதாரத்தில் ‘மாரல் ஹசார்டு’ என்பார்கள். அதைத் தடுக்க ஒரு வரிசை உண்டு: நட்டத்தை முதலில் பங்குதாரர் தாங்க வேண்டும், அடுத்து பெருங்கடன் கொடுத்தவர்கள், கடைசியில்தான் சேமிப்புப் போட்டவர்.

லட்சுமி விலாஸ் வங்கியில் இந்த வரிசை கடைப்பிடிக்கப்பட்டது. பங்குதாரர்களின் முதலீடு பூஜ்ஜியமானது. பணம் போட்டிருந்தவர்கள் சில நாட்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத வரம்புக்குள் தவித்தார்கள், பிறகு முழுத் தொகையும் கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் 5 அன்று யெஸ் வங்கிக்கு 50,000 ரூபாய் வரம்பு வந்தது. ஸ்டேட் வங்கியும் வேறு வங்கிகளும் சேர்ந்து 10,000 கோடி ரூபாய் மூலதனம் போட, மார்ச் 18 அன்று வரம்பு விலகியது. வங்கி மூழ்கினால் அந்த வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கணக்குகளும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு. அதுவும் 2020 பிப்ரவரியில்தான் 1 லட்சத்திலிருந்து உயர்ந்தது.

என் கருத்தில் வங்கியின் சேமிப்பாளரைக் காப்பாற்றுவது சரி. ஊர்க் கோயில் கமிட்டியின் திருவிழாப் பணம் வங்கியில்தான் கிடக்கிறது. தவில்காரர் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததும் அங்கேதான் இருக்கிறது. வங்கியை மீட்டதால் இசைக்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நாங்கள் பேசிக்கொள்வது முழு உண்மை ஆகாது. அவரிடம் இருந்தது பறிபோகாமல் காக்கப்பட்டது. இல்லாதது எதுவும் புதிதாக வரவில்லை.

கணக்குப் புத்தகம் உள்ளவருக்குத்தான் கயிறு

மேலே சொன்ன நான்கு வழிகளையும் மறுபடி பாருங்கள். கடன், பங்கு, ஜாமீன், ஒப்படைப்பு. நான்கும் ஐந்தொகை என்ற ஒன்று இருப்பவருக்குத்தான் பொருந்தும். பங்கு இல்லாத அமைப்பில் அரசு எந்தப் பங்கை வாங்கும்?

2020-இன் அவசரக் கடன் திட்டத்தில் இது கண்ணெதிரே தெரிந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 விழுக்காடு வரை கூடுதல் கடன் தரலாம் என்பது விதி. அதாவது ஏற்கனவே வங்கியில் தொழில் கடன் வைத்திருப்பவருக்குத்தான் அது. கடனே இல்லாதவருக்கு, பூஜ்ஜியத்தில் 20 விழுக்காடு. விதியை எழுதியவர் யாரையும் ஒதுக்க நினைத்திருக்க மாட்டார். வங்கிகள் ஏற்கனவே அறிந்த ஆட்களிடம் வேகமாகப் போய்ச் சேர எழுதப்பட்ட விதி அது. வேகம் கிடைத்தது, வங்கி அறியாத ஆட்கள் விடுபட்டார்கள்.

வெளிநாடுகளிலும் கதை இதுதான். பிரிட்டன் 2020 ஜூலையில் கலைத்துறைக்கு 157 கோடி பவுண்டு அறிவித்தது. அதன் பெரும்பகுதி அரங்குகளுக்கும் அமைப்புகளுக்கும் போனது. அமெரிக்காவில் மூடிக்கிடந்த அரங்குகளுக்கு என்றே சுமார் 1,600 கோடி டாலர் ஒதுக்கினார்கள். இரண்டும் பெரிய, நல்ல முயற்சிகள். ஆனால் அரங்கு என்ற கட்டடத்துக்கு உரிமையாளர் உண்டு, வரி எண் உண்டு, வாடகை ரசீது உண்டு. அறுவடை முடிந்த வயலில் நாலு கம்பு நட்டுத் திரை கட்டும் களத்துக்கு அப்படி எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டிலும் பயிர்க்கடன் தள்ளுபடி கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கியவருக்கு மட்டும்தான். கைமாற்று வாங்கியோ தனியார் வட்டிக்கு வாங்கியோ விதைத்தவருக்குக் கிடையாது. கவனிக்க வேண்டிய விதிவிலக்கு ஒன்று உண்டு: கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி. நிபந்தனைகள் நிறைய இருந்தன, பலர் விடுபட்டார்கள். இருந்தாலும் அதன் அமைப்பு வேறு. நகைக்கடனுக்கு ஐந்தொகை வேண்டாம், தொழில் சான்று வேண்டாம், ஒரு ஜோடி கம்மல் போதும். கூத்துக்காரர் வீட்டுக் கணக்குப் புத்தகம் என்று ஒன்று உண்டென்றால் அது அடகுச் சீட்டுதான். அரசின் கயிறு அந்தப் புத்தகத்தின் பக்கம் நீண்டது அந்த ஒரு முறை. அந்த வழியை இன்னும் ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு இரவுக் கூத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் 2004 வரை ஒரே மாவட்டம். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பதினெட்டு நாள் நடக்கும். நடுவே அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாளில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தோடு படுகளம், அன்று மாலை தீமிதி. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். மாரியம்மன் திருவிழா என்றால் பம்பை, உடுக்கை, தவில், நாகஸ்வரம்.

இந்தச் செலவின் முதல் கண்ணி தலைக்கட்டு வரி. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் பேசி வசூலிப்பது. அந்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் மாம்பழம், அதிலும் கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரகம். தருமபுரி என்றால் புளி, மரவள்ளி, பட்டுக்கூடு. ஓசூர் பக்கம் என்றால் வண்டி உதிரிபாகக் கம்பெனிகளின் சம்பளம். இவை எல்லாவற்றையும்விட, பெங்களூரில் கட்டட வேலை செய்பவர்கள் திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போது கொண்டுவரும் பணம். மாம்பழ விலை விழுந்த ஆண்டில் ஊர்க்கூட்டத்தில் முதலில் குறைவது கூத்து இரவுகளின் எண்ணிக்கைதான். பதினெட்டு எட்டாகும், எட்டு மூன்றாகும்.

மீட்பு நிதி பற்றிய விவாதத்தில் இந்தச் சங்கிலியை நினைவில் வைக்க வேண்டும். ஓசூர் ஆலை ஒன்று மூடப்படாமல் நின்றால் அதன் தொழிலாளி தலைக்கட்டு வரி கட்டுவார். மேலே ஊற்றியது கீழே கசிந்து வரும். ஆனால் ஒவ்வொரு மடையிலும் கொஞ்சம் நின்றுவிடும், கடைமடைக்கு வரும்போது மாதங்கள் ஆகியிருக்கும்.

இசையில் அந்தத் தாமதம் தாங்காது. 2020-இல் ஊரடங்கு மார்ச் 25 அன்று வந்தது, பங்குனியில். 2021-இல் முழு ஊரடங்கு மே 10 அன்று வந்தது, சித்திரை முடியும் நேரத்தில். இரண்டு முறையும் அடி விழுந்தது சரியாகத் திருவிழாக் காலத்தின் மேல். ஆலை மூன்று மாதம் நின்றால் பிறகு கூடுதல் ஷிஃப்ட் ஓட்டி ஓரளவு ஈடுகட்டலாம், விற்காத வண்டியைக் கிடங்கில் நிறுத்தலாம். சித்திரையில் ஆடாத கூத்தைக் கார்த்திகையில் ஆட முடியாது. அம்மனுக்குக் காப்புக் கட்டும் நாள் தவறினால் அடுத்த ஆண்டுதான்.

கணக்குக்காக ஒரு ஜமாவை எடுத்துக்கொள்வோம், எண்கள் விளக்கத்துக்கு மட்டும். 12 பேர், ஆண்டுக்கு 45 இரவு, இரவுக்கு 30,000 ரூபாய். மொத்தம் 13.5 லட்சம். வேன், ஒப்பனை, உடுப்பு, கருவிப் பழுது என்று கால் பங்கு போனால் மீதம் சுமார் 10 லட்சம். தலைக்கு 84,000 ரூபாய் சொச்சம், முழு ஆண்டுக்கு. இப்படி 100 ஜமாக்களின் ஒரு பருவ வருமானத்தை முழுதாக ஈடுகட்ட ஏறத்தாழ 10 கோடி ரூபாய் ஆகும். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த தொகைகளுக்கு அருகில் இதை வைத்துப் பார்த்தால், பணம் இல்லாததால் இது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. யாருக்கு, எந்தக் கணக்கில், எந்த ஆதாரத்தின் பேரில் என்ற பாதை இல்லை.

பாமோல் கண்டுபிடித்த சிக்கல்

பாதை அமைத்துவிட்டால் போதுமா? போதாது. இதை விளக்க 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு உதவும்.

அவர்கள் கவனித்தது எளிமையான உண்மை. நான்கு பேர் வாசிக்கும் ஒரு நரம்பிசைப் படைப்புக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேவைப்பட்டதோ, இன்றும் அவ்வளவே தேவை. ஆலையிலோ ஒரு தொழிலாளி செய்யும் பொருள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது, அதனால் கூலியும் ஏறுகிறது. இசைக்காரருக்கும் அந்த அளவுக்குக் கூலி ஏறாவிட்டால் அவர் ஆலைக்குப் போய்விடுவார். ஏறினால், உற்பத்தி கூடாமலே செலவு மட்டும் கூடும். ஆக, மற்றப் பொருள்களை வைத்துப் பார்த்தால் நிகழ்த்துகலை ஆண்டுக்கு ஆண்டு விலை கூடிக்கொண்டே போகும். யாருடைய தவறும் இல்லாமல்.

படுகளத்தை நினைத்துப் பாருங்கள். தாத்தா காலத்திலும் அதற்குப் பத்துப் பன்னிரண்டு பேரும் ஒரு முழு இரவும் வேண்டும். இன்றும் அப்படியே. ஒப்பனைக்கு மட்டும் இரண்டு மூன்று மணி நேரம். அதை அரை மணியாகச் சுருக்கி ‘திறனைக் கூட்டினால்’ அது படுகளமாக இருக்காது. இதற்கிடையில் பெங்களூரில் ஒரு நாள் கட்டடக் கூலி ஏறிக்கொண்டே இருக்கிறது. வேஷம் கட்டத் தெரிந்த இளைஞர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்கவே வேண்டாம்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன.

முதலாவது, மீட்பு நிதி இசைக்குப் பொருந்தாத மருந்து. அது ஒருமுறை வரும் காய்ச்சலுக்கானது. ஊரடங்கு காய்ச்சல்தான், அதற்கு அந்த நேரத்தில் மருந்து கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பாமோல் சொல்வது உடம்போடு பிறந்த குறை. அதற்குத் தினமும் சோறு வேண்டும், ஒருநாள் ஊசி போதாது.

இரண்டாவது முடிவு நம்பிக்கை தருவது, பாமோலே பிறகு வலியுறுத்தியது. கலையின் செலவு ஏறக் காரணமே மற்றத் தொழில்களில் செல்வம் பெருகுவதுதான். அப்படியானால் சமூகத்தால் அந்தச் செலவைத் தாங்க முடியும். பெருகிய செல்வத்தில் ஒரு பங்கு களத்துக்கு வரும் வாய்க்கால் இருக்கிறதா என்பதே கேள்வி. தலைக்கட்டு வரி அப்படி ஒரு பழைய வாய்க்கால். ஆனால் அது வயலில் விளைந்ததை வைத்து வகுத்தது. ஆலை லாபமும் மென்பொருள் சம்பளமும் அதன் வழியாக ஓடுவதில்லை.

தொழிலாக வாசிக்காதவர்களுக்கு என்ன பங்கு

எங்களைப் போன்றவர்களுக்கு மீட்பு தேவையில்லை. மாதச் சம்பளம் இருக்கிறது. ஆர்மோனியத்தில் ஒரு ரீடு போனாலும் சோறு போகாது. மார்கழி பஜனையோ தேவாலயப் பாடகர் குழுவோ கம்பெனி ஆண்டு விழாவோ, வாசிக்க இடம் உண்டு. ‘இசை எப்படியும் பிழைத்துக்கொள்ளும், ஆசையுள்ளவர்கள் பாடிக்கொண்டுதான் இருப்பார்கள்’ என்று எங்களைக் காட்டியே சிலர் வாதம் செய்கிறார்கள்.

அந்த வாதம் தவறு. எனக்கு ஆர்மோனியப் பெட்டி கற்றுக்கொடுத்தவர் கூத்துக்கு வாசித்தவர். மிருதங்கத்துக்கு வார் பிடித்துக் கரணை போடத் தெரிந்தவரை நாங்கள் தேடிப்போக வேண்டும். அவருக்கு எங்களால் வரும் வேலை ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. அவர் கடை நிற்பது தொழில்முறைக்காரர்களின் கருவிகளால். அவர்கள் குறைந்தால் கடை மூடும், கடை மூடினால் எங்கள் மிருதங்கமும் பரண் ஏறும். ஆசைக்கு வாசிப்பவர் தொழிலாக வாசிப்பவரின் நிழலில் நிற்கிறார். மரத்தை வெட்டிவிட்டு நிழலை வைத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் எதைக் கேட்பது

உதவியே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் இருக்கிறது. கல்வி, திருமணம், விபத்து, மரணம் போன்றவற்றுக்கு உதவி தருகிறது. இயல் இசை நாடக மன்றம் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் கருவி, ஆடை வாங்க நிதியும் உண்டு. நாட்டுப்புற, செவ்வியல் இசை நிகழ்ச்சிக்கு ஊதியம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை வாழ்வின் ஒரு கட்டத்தில் ஒருமுறை வருபவை, அல்லது முதுமையில் வருபவை. நடுவில், வேஷம் கட்டும் வயதில், பருவம் இல்லாத மாதங்களில் என்ன என்பதுதான் விடுபட்டிருக்கிறது. இதற்கு உலகில் இரண்டு முன்மாதிரிகளைப் பார்க்கலாம்.

அயர்லாந்து 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ என்று மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்தது. தகுதியானவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். தொகை பெரியதல்ல, ஆனால் வாரம் தவறாமல் வந்தது. ஔவை அதியமானைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: அவன் பரிசில் தரக் காலம் தாழ்த்தினாலும், யானை தன் கொம்புகளுக்கு நடுவே வைத்துக்கொண்ட கவளம் போல அது தப்பாமல் வந்து சேரும் என்று. இன்று தருமபுரி எனப்படும் இதே தகடூர் மண்ணில் பாடியது. புரவலரிடம் கலைஞர் எதிர்பார்த்ததில் தொகைக்குச் சமமாக நிச்சயமும் இருந்தது.

இன்னொன்று, 1935-இல் பெருமந்தத்தின் நடுவே அமெரிக்க அரசு தொடங்கிய இசைத் திட்டம். வேலையிழந்த இசைக்காரர்களைக் கூலிக்கு அமர்த்திக் கச்சேரி செய்யவும், ஊர் ஊராகப் பாடம் சொல்லவும் வைத்தது. நிவாரணம் என்று கொடுக்காமல் வேலை என்று கொடுத்தது. எனக்கு இந்த இரண்டாவது வழியில் அதிக நம்பிக்கை. அயர்லாந்து முறை அங்கே 2,000 பேருக்குச் சரி. இங்கே யார் கலைஞர் என்ற அடையாள அட்டைச் சண்டையிலேயே பாதி ஆற்றல் கரைந்துவிடும். வேலையாகக் கொடுத்தால் வேலை செய்தவர் யார் என்பது ஊருக்கே தெரியும்.

நம் மாவட்டங்களுக்கு அதை எப்படிக் கொண்டுவரலாம்?

1. பருவமில்லாத ஐப்பசி முதல் தை வரை, ஜமா வாத்தியார்களுக்கும் பம்பை, முகவீணை, தவில் கலைஞர்களுக்கும் ஒன்றிய அளவில் மாலை வகுப்பு எடுக்கும் தற்காலிகப் பணி, மாதச் சம்பளத்தோடு.

2. அச்சாரச் சீட்டின் மேல் கூட்டுறவுச் சங்கம் சிறு கடன் கொடுப்பது. நகையை வைத்துக் கொடுக்க முடிகிறது என்றால், மூன்று ஊர்க் கமிட்டிகள் கையெழுத்திட்ட அச்சாரத்தை வைத்தும் கொடுக்க முடியும். அரசு இதற்கு ஜாமீன் நின்றால் போதும், முன்பணம் தேவையில்லை. ஊரடங்கு போன்ற காலத்தில் யாருக்கு எத்தனை இரவு போனது என்பதற்கும் இதுவே ஆதாரமாகும்.

3. ஓசூர் ஆலைகள் சட்டப்படி ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியைக் கூத்து இரவுகளுக்குக் கேட்பது. சில நிறுவனங்களுக்குச் சட்டம் விதிக்கும் இரண்டு விழுக்காட்டில், பாரம்பரியக் கலைகளைக் காப்பதும் அனுமதிக்கப்பட்ட செலவு. தலைக்கட்டு வரி தொடாத செல்வத்தைத் தொடும் வாய்க்கால் இது.

இவற்றில் முதலாவதைத்தான் நான் உடனே கேட்பேன், காரணம் அருகிலேயே இருக்கிறது. எங்கள் குழுவில் முகவீணை ஊத யாருக்கும் தெரியாது. கற்றுக்கொள்ள நான்கு பேர் தயாராக இருக்கிறோம், சீவாளி கூட வாங்கி வைத்துவிட்டோம். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் இரண்டு ஊர் தள்ளி இருக்கிறார். பருவம் முடிந்த மறு வாரமே பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் பஸ் ஏறிவிடுகிறார், திரும்பி வரும்போது பங்குனி பிறந்திருக்கிறது.